மெடிக்கெய்ட் விதிகள் மாறும்போது ஒரு சமூக கிளினிக் எதில் முதலில் பணம் போடுவது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கிழக்கே, பன்றிப் பண்ணைகளும் சர்க்கரைவள்ளி வயல்களும் நிறைந்த பகுதியில், ஒரு சமூக மருத்துவ மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 பேர் அங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். அவர்களில் 9,000 பேரிடம் மெடிக்கெய்ட் அட்டை, அதாவது ஏழைகளுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீட்டின் அட்டை, இருக்கிறது. சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வரை எடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. வரப்போகும் மெடிக்கெய்ட் மாற்றங்களுக்கு மையம் தயாராக வேண்டும். அதே சமயம் ஏழைக்கும், கறுப்பினத்தவருக்கும், ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவருக்கும் கிடைக்கும் வைத்தியம் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது. அந்தப் பணத்தை எங்கே போடுவது?

மையமும் அதன் எண்களும் கணக்குக்காக நான் வைத்தவை. கேள்வி மட்டும் இந்தத் துறையில் இருக்கும் எல்லோர் முன்னாலும் இருக்கிறது. பொதுவாக நான்கு யோசனைகள் பேசப்படுகின்றன. செலவைக் குறைத்தால் மிச்சத்தில் பங்கு தரும் ஒப்பந்தங்களுக்குள் போவது ஒன்று. உணவு, வீடு, போக்குவரத்து போன்ற தேவைகளைக் கவனிக்க ஏற்பாடு செய்வது இரண்டு. எந்தப் பிரிவு மக்களுக்கு வைத்தியம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று காட்டும் தரவு வேலை மூன்று. கையில் இருக்கும் காப்பீடு நோயாளிகளிடமிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்ள ஆட்களை வைப்பது நான்கு. இந்த நான்காவதுக்குத்தான் கூட்டங்களில் மிகக் குறைந்த நேரம் கிடைக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். மற்ற மூன்றும் வேண்டாதவை என்பதால் இல்லை. இது நடக்காவிட்டால் அந்த மூன்றும் நிற்காது என்பதால்.

என்ன மாறுகிறது?

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் மெடிக்கெய்டைப் பல இடங்களில் தொட்டிருக்கிறது. ஒரு கிளினிக்குக்கு உடனடியாக வலிக்கப்போவது மூன்று. முதலாவது வேலை நிபந்தனை. ஒபாமா காலச் சட்டம் மெடிக்கெய்டைக் குறைந்த வருமானமுள்ள பெரியவர்களுக்கும் விரித்தது. அந்த விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையானவர்கள் மாதத்துக்கு 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூக சேவை செய்ததாகக் காட்ட வேண்டும். 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம் வைத்திருக்கும் கெடு. இரண்டாவது, இதே மக்களுக்கு இதுவரை ஆண்டுக்கு ஒருமுறை தகுதியைச் சோதித்து நடந்த புதுப்பித்தல் இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். மூன்றாவது, விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று மாத மருத்துவச் செலவைக்கூட மெடிக்கெய்ட் ஏற்றுக்கொள்ளும் வசதி சுருங்குகிறது: விரிவாக்கத்தில் வந்தவர்களுக்கு ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு மாதம்.

மருத்துவமனைகளுக்கு வேறு கவலைகளும் உண்டு. மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் வாங்கி மெடிக்கெய்டுக்குப் பயன்படுத்தும் வரியின் உச்சவரம்பு, விரிவாக்கம் செய்த மாநிலங்களில் 2028 முதல் படிப்படியாக 6 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதத்துக்கு இறங்குகிறது. மருத்துவமனைகளுக்குப் போகும் கூடுதல் கட்டணங்களுக்கும் கட்டுப்பாடு வருகிறது. சிறிய கிளினிக் இதை நேரடியாக உணராது. ஆனால் அதே ஊரின் மருத்துவமனை பிரசவப் பிரிவை மூடினால் அந்தக் கர்ப்பிணிகள் வந்து நிற்கப்போவது கிளினிக் வாசலில்.

வட கரோலினாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பல மாநிலங்கள் 2014 முதலே விரிவாக்கத்தில் இருந்தபோது, இது பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2023 டிசம்பர் 1 அன்றுதான் சேர்ந்தது; 40-ஆவது மாநிலம். ஒரே ஆண்டில் 6 லட்சம் பேர் காப்பீடு பெற்றார்கள். அதற்கு முன் 2021 ஜூலையில்தான் மெடிக்கெய்டின் பெரும்பகுதியைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக நடத்தும் முறைக்கு மாநிலம் மாறியிருந்தது. கிளினிக்குகள் ஒரு மாற்றத்துக்குப் பழகி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

மிச்சத்தில் பங்கு

ஆலோசகர்கள் முதலில் கொண்டுவருவது இதைத்தான். காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடுங்கள். உங்கள் நோயாளிகளின் மொத்த மருத்துவச் செலவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் மிச்சத்தில் பாதி உங்களுக்கு. கூடினால் சில ஒப்பந்தங்களில் நஷ்டத்திலும் பாதி உங்களுக்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு மாதம் 450 டாலர் செலவு என்றால் 9,000 பேருக்கு ஆண்டுக்கு 4 கோடியே 86 லட்சம் டாலர். அதில் 2 சதவீதம் மிச்சம் பிடித்தால் 9,72,000. பாதி 4,86,000. நம் மையத்தின் கையில் இருக்கும் இரண்டு லட்சத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பணம். நல்ல வேலையும்கூட: அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பத் திரும்பப் போகும் ஆஸ்துமா குழந்தையை வீட்டிலேயே நன்றாக வைத்திருந்தால் குழந்தைக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. மாசசூசெட்ஸ் 2018 மார்ச்சில் செலவுக்கும் தரத்துக்கும் பொறுப்பேற்கும் 17 மருத்துவ அமைப்புகளோடு இதைப் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே ஒரு பகுதியின் வறுமையையும் வீட்டு நிலைமையையும் கணக்கில் எடுத்து, ஏழைகளைப் பார்க்கும் கிளினிக்குக்கான செலவு இலக்கைக் கொஞ்சம் தாராளமாக வைத்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாத ஒப்பந்தத்தில், வசதியானவர்களைப் பார்ப்பவருக்குப் பரிசும் ஏழைகளைப் பார்ப்பவருக்குத் தண்டனையும் போய்ச் சேரும்.

ஆனால் 2027-இல் இந்தக் கணக்கின் அடித்தளமே அசையப்போகிறது. வேலை நிபந்தனையில் காப்பீட்டை இழப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஓரளவு ஆரோக்கியமான, வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் டாக்டரைப் பார்க்கும் இளம் வயதினர். தீவிர நோய் உள்ளவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பதால் அவர்கள் உள்ளேயே இருப்பார்கள். அப்போது பட்டியலில் மிஞ்சுபவர்களின் சராசரிச் செலவு 450-இலிருந்து 480-க்கோ 500-க்கோ ஏறும். கிளினிக் ஒரு தவறும் செய்திருக்காது, ஆனால் இலக்கு பழைய ஆண்டுகளின் செலவை வைத்துப் போடப்பட்டிருக்கும். நோயின் கடுமைக்கேற்ப இலக்கைச் சரிசெய்யும் முறைகள் இருக்கத்தான் செய்கின்றன. அவை தாமதமாகத்தான் எட்டிப் பிடிக்கும். நஷ்டத்தில் பங்கு ஏற்ற மையம் அந்த இடைவெளியில் தன் சேமிப்பைத் தொலைத்துவிடலாம்.

பணம் வரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஓராண்டு முடிந்து, பில்கள் எல்லாம் வந்து சேர்ந்து, கணக்கு முடிக்க இன்னொரு அரை ஆண்டு போய்விடும். இரண்டு ஆண்டு மட்டுமே தாங்கும் சேமிப்பு உள்ளவருக்கு இது ரொம்பத் தாமதம்.

ஆகவே மிச்சத்தில் மட்டும் பங்கு தரும் ஒப்பந்தம் கிடைத்தால் கையெழுத்துப் போடலாம். நஷ்டத்தில் பங்கு கேட்டால் 2028 வரை தள்ளிப்போடுங்கள். வட கரோலினாவில் கிளினிக்குகளுக்குப் படிநிலைகள் உண்டு. மூன்றாம் படிக்குப் போனால் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விடாமல் கிளினிக்கே செய்யலாம், அதற்கு மாதாமாதம் தனிப் பணம் வரும். நம் அளவுள்ள மையத்துக்கு இது நஷ்ட ஒப்பந்தத்தைவிடப் பாதுகாப்பான முதல் அடி.

உணவு, வீடு, வண்டி

1960-களில் மிசிசிப்பியின் மவுண்ட் பேயு என்ற ஊரில் ஜாக் கைகர் என்ற மருத்துவர், நாட்டின் முதல் சமூக மருத்துவ மையங்களில் ஒன்றைத் தொடங்கினார். பசியால் வாடிய குழந்தைகளுக்கு அங்கிருந்த டாக்டர்கள் மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதினார்கள். கடைக்காரர்கள் சாமானைக் கொடுத்துவிட்டு மையத்தின் மருந்துக் கணக்கில் பில் போட்டார்கள். வாஷிங்டனிலிருந்து ஆள் வந்து, மருந்துக்கான பணத்தில் உணவு வாங்கலாமா என்று கேட்டபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் சிகிச்சை உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். இந்த மையங்கள் பிறந்ததே இப்படித்தான். அதனால் இரண்டாவது யோசனையை யாராவது ஆடம்பரம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வட கரோலினா இதை இந்தக் காலத்தில் மிகக் கவனமாகச் செய்து பார்த்த மாநிலம். 65 கோடி டாலர் வரை செலவழிக்க அனுமதி வாங்கி, பெரும்பாலும் கிராமங்கள் அடங்கிய மூன்று பகுதிகளில், 2022 மார்ச் முதல் மெடிக்கெய்ட் பணத்தில் காய்கறிப் பெட்டியும், வீட்டின் பூஞ்சை நீக்கலும், கிளினிக்குக்கு வர வண்டியும் கொடுத்தது. ஒவ்வொரு சேவைக்கும் விலைப்பட்டியல் இருந்தது. மதிப்பீடு செய்தவர்கள், சேர்ந்தவர்களின் மருத்துவச் செலவு ஆளுக்கு மாதம் சுமார் 85 டாலர் குறைந்ததாகக் கண்டார்கள். இவ்வளவு தெளிவான பலன் காட்டிய திட்டங்கள் இந்தத் துறையில் அரிது.

அந்தத் திட்டம் 2025 ஜூலை 1 அன்று நின்றுபோனது. மாநிலச் சட்டமன்றம் தொடர்வதற்கான பணத்தை ஒதுக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், இத்தகைய சேவைகளை ஊக்குவித்த முந்தைய வழிகாட்டுதல்களைக் கூட்டாட்சி அரசும் திரும்பப் பெற்றிருந்தது. காய்கறி கொண்டுபோய்க் கொடுத்த சிறிய அமைப்புகள் ஆட்களை எடுத்து, வண்டி வாங்கி, பில் போடக் கற்றுக்கொண்டு, அப்புறம் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. பலன் இல்லாததால் நின்றிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பலன் இருந்தும் நின்றதுதான் வேதனை.

நியூயார்க்கில் நிலைமை வேறு. 2024 ஜனவரியில் கிடைத்த அனுமதியின் கீழ் ஒன்பது வட்டாரச் சமூகப் பராமரிப்பு வலைப்பின்னல்கள் அமைந்தன. கலிபோர்னியாவிலும் 2022 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக இப்படிப்பட்ட ஆதரவுச் சேவைகள் நடக்கின்றன. உங்கள் மையம் அங்கே இருந்தால் இந்த யோசனையை மேலே தூக்கி வையுங்கள், ஏனென்றால் பணத்தை வேறொருவர் தருகிறார். வட கரோலினாவில் இருந்தால், நம் இரண்டு லட்சம் இரண்டு மாதக் காய்கறிக்குக்கூடக் காணாது. இங்கே செய்யக்கூடியது, உணவு இல்லை, வீடு இல்லை என்று நோயாளி சொல்லும்போது அதை அவருடைய பதிவேட்டில் உரிய குறியீட்டோடு எழுதிவைப்பது. வீடற்ற நிலைக்கு இசட் 59 என்ற குறியீட்டு வகை இருக்கிறது. காசு செலவில்லாத வேலை. மாநிலத்தில் திட்டம் திரும்பி வந்தால் அந்தப் பட்டியல் தயாராக இருக்கும்.

தரவு

சராசரி என்பது பல குறைகளை மூடி மறைத்துவிடும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் 70 சதவீதம் என்று ஒரு மையத்தின் அறிக்கை சொல்லலாம். மொழிவாரியாகப் பிரித்தால் ஆங்கிலம் பேசுபவர்களில் 76, ஸ்பானிஷ் பேசுபவர்களில் 54 என்று இருக்கலாம். பிரித்துப் பார்க்காதவரை அந்த 54 யார் கண்ணிலும் படாது.

தவறான எண்ணை வைத்துப் பிரித்தாலும் ஆபத்துதான். 2019-இல் சயின்ஸ் இதழில் ஜியாட் ஓபர்மேயரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அதிகக் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணினி முறை, நோயின் அளவுக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாக எடுத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்தது. அதனால் கணினி அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சாய்வைச் சரிசெய்தால் கூடுதல் உதவிக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் 'அபாயப் பட்டியல்' என்று அனுப்பும் கோப்பை அப்படியே நம்பி வேலை செய்யும் ஒவ்வொரு மையமும் இந்த ஆய்வை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் தன் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலர் வரை ஒதுக்கி, இனம், மொழி, மாற்றுத்திறன் பற்றிய தரவை முழுமையாகச் சேகரிப்பதற்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கும் பணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் வந்ததும் வேலை நடந்தது. நம் மையத்துக்கு அப்படிப் பணம் தர யாரும் இல்லை. இருந்தாலும் இதற்குத் தனி மென்பொருள் வாங்கச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் மின்பதிவேட்டிலிருந்து மூன்றே மூன்று அளவுகளை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கர்ப்ப காலத்தில் முதல் வருகை, இனவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கர்ப்பத்தைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது: 2023-இல் அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்களின் இறப்பு, ஒரு லட்சம் பிறப்புக்கு 50.3, வெள்ளையினத் தாய்மார்களுக்கு 14.5. நாட்டில் நடக்கும் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிக்கெய்ட்தான் பணம் கட்டுகிறது.

காப்பீடு நழுவாமல் பிடித்துவைப்பது

ஆர்க்கன்சா 2018 ஜூனில் வேலை நிபந்தனையைக் கொண்டுவந்தது. மாதாமாதம் வேலை நேரத்தை இணையத்தில் பதிய வேண்டும். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அதை நிறுத்தினார். பின்னர் ஆய்வு செய்தவர்கள் கண்டது இதுதான்: வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடவில்லை, நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏற்கெனவே வேலையிலோ, விலக்குக்குத் தகுதியான நிலையிலோதான் இருந்தார்கள். பதிவு செய்ய முடியாமல்தான் வெளியே போனார்கள்.

யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்ற கொரோனா காலப் பாதுகாப்பு முடிந்து 2023 ஏப்ரலில் மாநிலங்கள் எல்லோருடைய தகுதியையும் மறுபடி சோதிக்கத் தொடங்கியபோதும் இதே கதைதான். நாடு முழுவதும் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் நீக்கப்பட்டது காகித நடைமுறை முடியாததால். தகுதி இல்லை என்று யாரும் தீர்மானித்து இல்லை.

நான் பார்த்த ஒரு கிளினிக்கில், கோழி இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இன்சுலின் வாங்க வந்து நின்றார். மருந்தகத்துக் கணினி அட்டை செல்லாது என்றது. "போன மாதம் இதே அட்டையில்தானே வாங்கினேன்?" என்று ஸ்பானிஷில் திரும்பத் திரும்பக் கேட்டார். புதுப்பித்தல் உறை அவர் முன்பு குடியிருந்த டிரெய்லர் வீட்டின் முகவரிக்குப் போயிருந்தது. அவர் பையில் நான்கு வாரச் சம்பளச் சீட்டுகளும் மடித்து இருந்தன. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் வேலை. அந்த மேசையில் கேட்க ஆள் இல்லை. சமத்துவம் குறித்த பயிற்சி வகுப்பு அந்த மாதம் மேல் மாடியில் நடந்தது; அதுவும் நல்ல வகுப்புதான்.

இப்போது நம் மையத்துக்கு வருவோம். 9,000 பேரில் 3,500 பேர் விரிவாக்கத்தில் வந்தவர்கள் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு புதுப்பித்தல் என்றால் ஆண்டுக்கு 7,000. வேலை நாளுக்கு சுமார் 27. மாநிலமே வருமானத் தரவைப் பார்த்துத் தானாகப் புதுப்பிப்பவர்களைக் கழித்தால் இன்னும் குறையும். மூன்று பேர் இருந்தால் சமாளிக்கலாம். சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஆளுக்கு 60,000 என்றால் 1,80,000 டாலர். இருக்கும் பணத்துக்குள் அடங்குகிறது.

என்ன திரும்பக் கிடைக்கும்? ஐந்தில் ஒருவர் காப்பீட்டை இழந்தால் 700 பேர். ஆளுக்கு ஆண்டுக்கு மூன்றரை வருகை. வருகைக்கு மெடிக்கெய்ட் 180 டாலர் தருகிறது. காப்பீடு இல்லாதவரையும் இந்த மையங்கள் திருப்பி அனுப்ப முடியாது, வருமானத்துக்கேற்ற குறைந்த கட்டணத்தில், 30 டாலர் என்று வைப்போம், பார்த்தாக வேண்டும். வருகைக்கு 150 டாலர் இழப்பு, மொத்தம் 3,67,500. மூன்று பேரும் சேர்ந்து இதில் பாதியைத் தடுத்தால் 1,83,750. போட்ட பணம் சரிக்குச் சரியாகத் திரும்பி வருகிறது. மிச்சத்தில் பங்கு காட்டிய 4,86,000 இங்கே இல்லை. ஆனால் நஷ்டமும் இல்லை, பதினெட்டு மாதக் காத்திருப்பும் இல்லை, 350 பேருக்கு மருந்து நிற்காது. அதோடு அந்த 350 பேர் பட்டியலில் இருந்தால்தான் முதல் யோசனையின் சராசரிச் செலவும் ஏறாமல் இருக்கும்.

இந்த மூவர் படிவம் நிரப்புவதோடு நின்றுவிடக் கூடாது. சட்டத்தில் உள்ள விலக்குகளை அவர்கள் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும்: 13 வயது வரையான குழந்தையின் பெற்றோர், கர்ப்பிணிகள், போதைச் சிகிச்சையில் இருப்பவர்கள், தீவிர உடல்நோயோ முடக்கும் மனநோயோ உள்ளவர்கள், அமெரிக்கப் பூர்வகுடியினர், இன்னும் சிலர். மாதம் 580 டாலர் சம்பாதித்தாலே, அதாவது மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியில் 80 மணி நேரத்துக்கு ஈடாக, நிபந்தனை நிறைவேறிவிடும். பருவகால வேலைக்காரர்களுக்கு முந்தைய ஆறு மாதச் சராசரியை எடுக்கலாம். சர்க்கரைவள்ளி அறுவடையில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இரவு பகலாக உழைத்துவிட்டு ஜனவரியில் வேலையில்லாமல் இருப்பவருக்கு இந்த ஒரு வரி தெரிந்திருப்பதும் தெரியாததும்தான் வித்தியாசம்.

இங்கேதான் தரவு வேலை உண்மையில் உயிர் பெறுகிறது. யாருக்குத் தீவிர நோய் இருக்கிறது என்பதைப் பில்களைப் பார்த்துத் தீர்மானிக்க மாநிலங்கள் முயலும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய பில் இருக்காது. பதிவேட்டில் மனச்சோர்வு என்று டாக்டர் குறிப்பாக எழுதி, குறியீடு போடாமல் விட்டிருந்தால் அதுவும் தெரியாது. கிளினிக்கின் மின்பதிவேட்டில்தான் முழு உண்மை இருக்கிறது. விரிவாக்கத்தில் வந்த 3,500 பேரின் பட்டியலை எடுத்து, விலக்குக்குத் தகுதியான நோய் உள்ளவர்களை முன்கூட்டியே பிரித்து, தேவையான சான்றை டாக்டர் கையெழுத்தோடு தயாராக வைப்பதுதான் இந்த இரண்டு ஆண்டுகளில் தரவை வைத்துச் செய்யக்கூடிய மிகப் பெரிய சமத்துவ வேலை. எந்த இனத்தவருக்கு, எந்த மொழியினருக்குப் புதுப்பித்தல் அதிகமாகத் தவறுகிறது என்று அதே பட்டியலை மாதந்தோறும் பிரித்துப் பார்த்தால், எங்கே கூடுதல் ஆள் வேண்டும் என்பதும் தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. தகுதியைத் தீர்மானிப்பது கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், சமூக சேவை அலுவலகம். கிளினிக் உதவத்தான் முடியும். அகதிகளாகவும் அடைக்கலம் பெற்றவர்களாகவும் இருக்கும் பலர் 2026 அக்டோபர் முதல் சட்டப்படியே தகுதி இழக்கிறார்கள். எந்தப் படிவமும் அதை மாற்றாது. கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு முன்பிருந்தே உண்டு என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்த விஷயம். இவர்களுக்காக வருமானத்துக்கேற்ற கட்டணப் பட்டியலையும் மலிவு மருந்து ஏற்பாட்டையும் மையம் தாராளமாக வைத்திருக்க வேண்டும். வேலை நிபந்தனையில் நீக்கப்பட்டவர் ஒபாமா காலச் சட்டத்தின் காப்பீட்டுச் சந்தையில் தனியார் காப்பீடு வாங்க அரசு மானியமும் பெற முடியாது என்பதால், அவருக்கும் போக்கிடம் இந்தக் கிளினிக்தான்.

எப்போது வேறு முடிவு எடுப்பேன்?

விரிவாக்கமே செய்யாத டெக்சஸ் போன்ற மாநிலத்தில் இருந்தால் வேலை நிபந்தனை பெரிதாகத் தொடாது. அங்கே தரவையும் கர்ப்பகாலக் கவனிப்பையும் முதலில் வைப்பேன். நூறு கோடி டாலர் வருமானமுள்ள மருத்துவமனைக் குழுமமாக இருந்தால், ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. நான்கையும் செய்யும் கடமை அதற்கு உண்டு. பொறுத்திருந்து பார்க்கலாம், விதிகள் தெளிவாகட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்த விஷயத்தில் அது சரி. ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க நான்கைந்து மாதம் ஆகும் இந்த வேலையில் அது சரிப்படாது.

நம் மையத்துக்கான என் வரிசை இது. மூன்று பேரை முதலில் எடுங்கள்; குறைந்தது இருவருக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும், ஒருவராவது அந்தக் கவுன்ட்டி அலுவலகத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது. வருகைக்கு நேரம் குறிக்கும்போதே முகவரியும் கைபேசி எண்ணும் கேட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை முன்மேசையில் உடனே தொடங்குங்கள். அதற்குக் காசு வேண்டாம். மீதி 20,000 டாலரை விலக்குப் பட்டியல் தயாரிப்பதற்கான தரவு வேலைக்கு வையுங்கள். காப்பீட்டு நிறுவனங்களோடு பேசும்போது, மிச்சத்தில் மட்டும் பங்கு கேளுங்கள், கூடவே புதுப்பித்தல் தேதிகளின் பட்டியலை மாதாமாதம் அனுப்பும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உறுப்பினர் குறைந்தால் அவர்களுக்கும் வருமானம் குறையும் என்பதால் மறுக்க மாட்டார்கள். ஆட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைக்கூடக் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கே வைத்தியம் பெறும் நோயாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களிடம் அடுத்த கூட்டத்தில் புதுப்பித்தல் படிவத்தைக் கொடுத்து, சொந்தக் கைபேசியிலேயே நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் நிற்கிறார்கள், எந்த ஆவணத்தைத் தேடுகிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேருக்கான பயிற்சிக் கையேட்டை அதிலிருந்து தொடங்கலாம்.